ஒரு பலகையும் பல பொருளும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நமது கல்லூரியின் வரலாற்றைச் சொல்ல இந்த மேடையில் தகுதியுள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆண்டுகளையும் கட்டடங்களையும் அவர்களிடமே விட்டுவிடுவோம். நமக்குத் தரப்பட்ட இந்தச் சிறு நேரத்தில் ஒரேயொரு ஆங்கிலச் சொல்லை எடுத்து அதன் பூர்வீகத்தைக் கொஞ்சம் விசாரிப்போம். அந்தச் சொல் 'போர்ட்'. நம் வாயில் அது 'போட்'.

பள்ளி நாளில் இந்தச் சொல்லைச் சொல்லாத ஒரு நாள் நமக்கு இருந்ததா? காலையில் 'நோட்டீஸ் போட்' பார்த்தோம். வகுப்பில் 'பிளாக் போட்' துடைத்தோம். மழை நாளில் 'கரம் போட்' முன்னால் குந்தினோம். பஸ்ஸில் என்ன 'போட்' போட்டிருக்கிறது என்று எட்டிப் பார்த்து ஏறினோம். நம்மில் பலர் 'போடிங்' பிள்ளைகள். பின்னாளில் உத்தியோகத்துக்குப் போய் 'போட் மீற்றிங்' என்ற ஒன்றைக் கண்டு பயந்தோம். வெளிநாடு போனவர்கள் 'போடிங் பாஸ்' கையில் பிடித்துக்கொண்டு அழுதோம். கறுப்புப் பலகைக்கும், சோறு போடும் விடுதிக்கும், இயக்குநர்கள் கூடும் சபைக்கும், விமானம் ஏறுவதற்கும் ஒரே சொல் எப்படி வந்தது? அதுதான் இன்றைய விசாரணை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் இருக்கிறது. இலத்தீனிலிருந்தோ கிரேக்கத்திலிருந்தோ கடன் வாங்கப்பட்டதல்ல; ஜெர்மானியக் குடும்பத்து நாட்டுச் சொல். அறுத்து எடுத்த மரப்பலகை என்பதே அதன் அடிப்படைப் பொருள். அந்தக் காலத்திலேயே அது மேசையையும் குறித்தது, போர்வீரனின் கேடயத்தையும் குறித்தது, கப்பலின் பக்கத்தையும் குறித்தது. பலகை என்ற பொருளில் ஒரு சொல்லும், ஓரம், விளிம்பு என்ற பொருளில் இன்னொரு சொல்லும் தனித்தனியாக இருந்து, ஒலி ஒன்றானதால் ஒன்றோடொன்று கலந்துவிட்டன என்று சொல்லாராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். இரண்டு ஆறுகள் சேர்ந்து ஒரே பெயரோடு ஓடுவது போல.

தமிழ் படித்தவர்களுக்கு இதில் ஒரு சந்தோஷம் உண்டு. நமது 'பலகை' என்ற சொல்லுக்கும் பழைய தமிழில் கேடயம் என்ற பொருள் இருக்கிறது. சூதாடும் பலகையும் பலகைதான். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு மொழிகள் ஒரே மரத்துண்டைப் பார்த்து ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன.

முதலில் கப்பலுக்குப் போவோம். நமது தீவுக்கு ஆங்கிலம் வந்ததே கப்பலில்தானே.

கப்பலின் வலப்பக்கத்தை ஆங்கிலத்தில் 'ஸ்ரார்போர்ட்' என்பார்கள். அதில் நட்சத்திரம் எதுவும் இல்லை. சுக்கான் பின்னால் பொருத்தப்படாத காலத்தில், கப்பலை ஒரு பெரிய துடுப்பால் திருப்பினார்கள். பெரும்பாலானவர்கள் வலக்கைக்காரர்கள் ஆகையால் அந்தத் துடுப்பு வலப்பக்கத்தில் இருந்தது. 'திருப்பும் பக்கம்' என்பதே நாளடைவில் திரிந்து 'ஸ்ரார்போர்ட்' ஆயிற்று. துடுப்பு முறியாமல் இருக்க மறுபக்கத்தையே துறைமுகத்தில் அணைத்தார்கள். சாமான் ஏற்றும் அந்தப் பக்கத்துக்கு 'லார்போர்ட்' என்று பெயர். புயலில் கத்தும்போது இரண்டு பெயரும் ஒரே மாதிரிக் கேட்டால் கப்பலின் கதி என்ன? அதனால் 1844 இல் பிரித்தானியக் கடற்படை 'லார்போர்ட்' என்பதை விட்டு 'போர்ட்' என்று, அதாவது துறைமுகம் என்ற பொருள்தரும் வேறொரு சொல்லைச் சொல்லும்படி கட்டளையிட்டது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்தாக வந்து நம்மைக் குழப்பும். ஆங்கிலத்தில் அவை வேறுவேறு சொற்கள்.

கப்பலின் பக்கத்தைத் தாண்டி உள்ளே கால்வைத்தால் 'ஒன் போர்ட்'. பக்கத்தைத் தாண்டி வெளியே விழுந்தால் 'ஓவர்போர்ட்'. அளவுக்கு மிஞ்சிப் போகிறவரையும் அப்படித்தான் சொல்கிறார்கள். புயலில் பாய்மரம் முறிந்து பக்கவாட்டில் கடலில் விழுவதைக் குறித்த தொடர், கைவிடப்பட்ட எந்தத் திட்டத்துக்கும் இன்று பொருந்துகிறது. கப்பலுக்குச் சொன்னதையே ரயிலுக்கும் விமானத்துக்கும் சொன்னார்கள். இரத்மலானையிலோ கட்டுநாயக்காவிலோ நாம் நீட்டிய 'போடிங் பாஸ்' பாய்மரக் கப்பல் காலத்துச் சீட்டு.

அந்த 'விளிம்பு' என்ற பொருள் பிரெஞ்சு மொழிக்குள் போய், சேலைக்கரை போன்ற ஓரத்தைக் குறித்து, மீண்டும் ஆங்கிலத்துக்கு 'போடர்' என்று வந்தது. எல்லைக்கோடு என்று அதற்குப் பொருள் விரிந்தது. விடுதிப் பிள்ளையும் 'போடர்', நாட்டின் எல்லையும் 'போடர்'. எழுத்தில் வேறு, காதுக்கு ஒன்று. விடுதிக் கட்டிலிலிருந்து எழும்பி எல்லைகள் பல தாண்டிய நமது தலைமுறைக்கு இந்த ஒலி ஒற்றுமை ஏதோ சொல்வது போலிருக்கிறது.

இனி மேசைக்கு வருவோம். இந்தச் சொல்லின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இடைக்கால இங்கிலாந்தில் பெரிய வீடுகளிலும் நிலையான சாப்பாட்டு மேசை அரிது. மண்டபத்தில் கால்தாங்கிகளை வைத்து அவற்றின் மேல் நீளப் பலகைகளைப் போடுவார்கள். சாப்பிட்டு முடிந்ததும் பலகையைக் கழற்றிச் சுவரோடு சாத்திவிடுவார்கள். ஆகவே பலகை போட்டார்கள் என்றால் சாப்பாடு தயார் என்று பொருள். பலகையே மேசை, மேசையே சாப்பாடு. நம் வீடுகளில் பலகைக்கட்டையில் குந்தி இலையில் சாப்பிட்டோம். அவர்கள் பலகையில் வைத்துச் சாப்பிட்டார்கள், நாம் பலகையில் இருந்து சாப்பிட்டோம், வித்தியாசம் அவ்வளவுதான்.

கோப்பைகளை அடுக்கும் பலகை 'கபோர்ட்' ஆனது. முதலில் அது கதவில்லாத தட்டு; பிறகே கதவும் பூட்டும் வந்தன. நாம் அதை அலுமாரி என்கிறோம். அது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். சீட்டாடுகிறவன் கையை மேசைப் பலகைக்கு மேலே வைத்துக்கொண்டால் களவு செய்யவில்லை என்று நம்பலாம். அதிலிருந்து ஒளிவுமறைவற்ற நடத்தைக்கு 'அபவ் போர்ட்' என்று பெயர் வந்தது. நமது சங்கத்தின் பொருளாளர்கள் நூறு ஆண்டுகளாகக் கையைப் பலகைக்கு மேலேயே வைத்திருந்தார்கள் என்பதை இந்த இடத்தில் நன்றியோடு சொல்லிக்கொள்வோம்.

ஆங்கிலத்தில் 'பெட் அன்ட் போர்ட்' என்றொரு தொடர் உண்டு. படுக்கையும் சாப்பாடும் என்று பொருள். கணவன் மனைவி விவாகரத்துப் பெறாமல் பிரிந்து வாழ நீதிமன்றம் வழங்கும் பிரிவை, மேசையிலிருந்தும் படுக்கையிலிருந்தும் பிரிதல் என்று பொருள்படும் இலத்தீன் தொடரால் இலங்கைச் சட்டத்திலும் குறிக்கிறார்கள். அந்த இலத்தீனில் மேசைக்குச் சொல் 'மென்சா'. அதுவே போர்த்துக்கேய மொழியில் 'மேசா' ஆகி, நம்மிடம் 'மேசை' ஆயிற்று. அடுப்படியில் நாம் துடைக்கும் மேசைக்கும் நீதிமன்றத்து இலத்தீனுக்கும் இப்படி ஓர் உறவு.

இப்போது 'போடிங்'. பலகையில் சாப்பாடு கொடுப்பது என்பதே இதன் நேர்ப்பொருள். தூங்குவது என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. கொழும்பில் வேலைக்குப் போனவர்கள் வாடகை அறையையே 'போடிங்' என்றார்கள். சிங்களத்தில் அது 'போடிம' ஆகிவிட்டது. சாப்பாடே கொடுக்காத அறைக்கும் அந்தப் பெயர். ஆனால் சொல்லின் வயிற்றைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது கட்டில் அல்ல, சோறு. மணி அடித்ததும் வரிசையாய் நின்று, ஒரு வாங்கில் நெருங்கி இருந்து, ஒரே பானைச் சோற்றைப் பகிர்ந்து சாப்பிட்டவர்கள்தாம் 'போடர்ஸ்'. நம்மில் விடுதியில் இருந்தவர்கள் கூடினால் படுக்கையைப் பற்றியா கதைக்கிறோம்? பருப்புக்கறியின் தண்ணீரையும், வீட்டிலிருந்து வந்த பலகாரப் பெட்டியையும் பற்றித்தான்.

மேசையைச் சுற்றி இருந்து சாப்பிடலாம். மேசையைச் சுற்றி இருந்து பேசி முடிவும் எடுக்கலாம். அப்படி முடிவெடுக்கக் கூடியவர்களே ஒரு 'போர்ட்' ஆனார்கள். மரத்தின் பெயர் மனிதருக்கு ஏறியது. அந்த மேசையில் மற்றவர்கள் வாங்கில் இருக்க, ஒருவருக்கு மட்டும் கதிரை போட்டார்கள், அவர் 'செயார்மன்'. நமது நாட்டில் 'தவிசாளர்' என்கிறோம். தவிசு என்றால் இருக்கை. தமிழாக்கியவர் சொல்லின் எலும்பையும் சேர்த்தே மொழிபெயர்த்திருக்கிறார்.

இந்தப் பொருளை நாம் அன்றாடம் சுமக்கிறோம். 1958 ஜனவரி முதலாம் திகதி பஸ் சேவை அரசுடைமையானபோது வந்தது 'சீ.ரீ.பி.'. அதிலுள்ள 'பி' நமது பலகைதான். தமிழில் இலங்கைப் போக்குவரத்துச் சபை. மின்சாரத்துக்கு ஒரு சபை, தண்ணீருக்கு ஒரு சபை, தேயிலைக்கு ஒரு சபை. தமிழில் சபை என்று எழுதினாலும் கரண்ட் போனால் நம் வாயில் வருவது 'போட்காரர் வரவில்லை' என்பதே.

நமது வடபகுதிப் பெண் கல்விக்கும் இந்தச் சொல்லுக்கும் உள்ள தொடர்பு இன்னும் ஆழமானது. 1810 இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் வெளிநாட்டு மிஷன் பணிக்காக ஓர் அமைப்பு உருவானது. அதன் நீண்ட பெயரைச் சுருக்கி எல்லோரும் 'அமெரிக்கன் போர்ட்' என்றார்கள். அந்த போர்ட் அனுப்பியவர்கள் 1816 இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1824 இல் உடுவிலில் பெண்களுக்கென்று ஒரு 'போடிங்' பாடசாலை தொடங்கினார்கள். ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் அதற்குப் பொறுப்பாக இருந்தார். தூரத்துச் சபை ஒன்று, பலகையில் சோறு போட்டு, பெண்பிள்ளைகளைப் பலகைக்கு முன்னால் இருத்தியது. பிள்ளைகளைச் சேர்ப்பது இலேசாக இருக்கவில்லை. கிறிஸ்தவர் வளவில் சமைத்ததை உண்ணலாமா என்ற சாதித் தயக்கம் பெரிதாயிருந்தது. செலவைத் தாங்கிய அமெரிக்கர்களின் பெயர்களைப் பிள்ளைகளுக்கு இட்ட வழக்கமும் இருந்தது. சோற்றுக்கு விலையாகச் சொந்தப் பெயரைக் கொடுத்த பிள்ளைகள் அவர்கள். கிடைத்ததையும் கொடுத்ததையும் சேர்த்தே நாம் நினைக்க வேண்டும்.

நூறு ஆண்டுகள் கழித்து இன்னொரு 'போட்' வந்தது. 1923 இல் அமைந்த சைவ வித்தியாவிருத்திச் சங்கத்தை ஊரார் 'இந்து போட்' என்றே அழைத்தார்கள். அதை நடத்திய இராசரத்தினம் அவர்களுக்கு 'இந்து போட் இராசரத்தினம்' என்பதே பெயராகிவிட்டது. மிஷன் பள்ளிக்குப் போகத் தயங்கிய கிராமங்களிலெல்லாம் அந்தச் சங்கம் பாடசாலைகளை நடத்தியது. 1960 இல் உதவி பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் வரை நமது பாட்டிமார், தாய்மார் பலர் படித்தது ஏதோ ஒரு போட்டின் பள்ளியில்தான்.

ஆங்கிலத்தில் 'போட்', தமிழில் 'சங்கம்'. இந்தச் சோடியைக் கவனியுங்கள். பலகையையும் சபையையும் ஒன்றாக்கியது ஆங்கிலம் மட்டும்தானா? மதுரைச் சங்கத்துக்கு இறைவன் கொடுத்ததாகப் புராணம் சொல்லும் சங்கப் பலகை எது? புலவர்கள் கூடியிருக்கும் பலகை அது. தகுதியுள்ள புலவர் வந்தால் தானாக நீண்டு இடங்கொடுக்கும் என்பது கதை. ஆங்கிலப் பலகை அறுத்த அளவிலேயே நிற்கும். நமது கதையிலுள்ள பலகை வளரும். கதைதான். ஆனால் ஒரு சமூகம் தன் சபை எப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது என்பதை அந்தக் கதை காட்டுகிறது.

ஆசை வேறு, நடந்தது வேறு. நமது பாடசாலைகளில் பலகை எல்லோருக்கும் நீளவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகள் வாங்கில் இருக்க விடப்படாமல் நிலத்தில் இருந்து படித்த காலம் ஒன்று இருந்தது. 'சம ஆசனம், சம போசனம்' என்ற கோரிக்கை 1920களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் எழுந்தது. சமமாக இருத்த வேண்டும் என்று அரசாங்கம் பணித்தபோது, அதைப் பொறுக்காதவர்கள் சில பாடசாலைகளைக் கொளுத்தினார்கள். விடுதிகளில் எல்லோரையும் ஒரே பந்தியில் வைத்தபோது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன பெற்றோரும் உண்டு. நாம் இவ்வளவு நேரம் ஆராய்ந்த சொல்லின் இரண்டு பெரிய பொருள்கள் எவை? இருக்க ஓர் இடம். உண்ண ஓர் இடம். ஆசனமும் போசனமும். அந்தக் கோரிக்கையை எழுப்பியவர்கள் கேட்டது ஒரு பலகையின் முழுப்பொருளையும்தான். நூற்றாண்டு வரலாறு எழுதுகிறவர்கள் கட்டடங்களை எழுதுவது போலவே, யார் எந்த ஆண்டிலிருந்து எந்த வாங்கில் இருந்தார்கள் என்பதையும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

பெண்களுக்கும் அந்தப் பலகை மெதுவாகவே நீண்டது. 1931 இல் இந்த நாட்டுப் பெண்களுக்கு ஆண்களோடு சமமாக வாக்குரிமை கிடைத்தது. அதே ஆண்டு அட்லின் மொலமூரே அம்மையாரும், 1932 இல் நேசம் சரவணமுத்து அம்மையாரும் அரசாங்க சபைக்குள் போனார்கள். அரசாங்க சபையில் பெண் இருந்த காலத்திலும் வீட்டுப் பந்தியில் பெண் கடைசியாகத்தான் இருந்தாள். பரிமாறி முடித்து, பானையின் அடியில் மிஞ்சியதைச் சாப்பிட்டாள். அவளுடைய மகள் விடுதிக்கு வந்தபோதுதான், மற்றவர்களோடு அதே நேரத்தில், அதே சோற்றை, இருந்து சாப்பிட்டாள். விடுதி கண்டிப்பானது, கஞ்சத்தனமானது என்று நாம் எவ்வளவு குறை சொன்னாலும் இந்த ஒன்றை அது நமக்குக் கொடுத்தது.

மற்றப் பலகைகளைப் பற்றி அதிகம் சொல்ல நேரமில்லை. கரும்பலகை வெண்பலகை ஆனது. வெண்பலகை திரை ஆனது. கணினியில் எழுத்துத் தட்டுவதையும் தமிழில் 'விசைப்பலகை' என்றே வைத்தார்கள். மரம் முழுவதும் மறைந்த பிறகும் சொல் மரத்தை விடவில்லை. நமது பேரப்பிள்ளைகள் தொலைபேசித் திரையில் தமிழை எழுதும்போதும் பலகையில்தான் எழுதுகிறார்கள்.

முடிப்பதற்கு முன் ஒரு வேண்டுகோள். 1945 இல் இந்த நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. வகுப்புக் கட்டணம் போனது; விடுதிக் கட்டணம் போகவில்லை. இன்றும் வன்னியின் உட்கிராமத்திலிருந்தும், தீவுப்பகுதியிலிருந்தும், தோட்டப்புறத்திலிருந்தும் ஒரு பிள்ளை நல்ல பாடசாலை ஒன்றில் படிப்பதற்கு இடம் பெற்றாலும், மூன்று வேளைச் சாப்பாட்டின் செலவு அவளை மறித்துவிடுகிறது. பரிசு கொடுக்கிறோம், கேடயம் கொடுக்கிறோம், மண்டபத்துக்குக் கதிரை கொடுக்கிறோம். எல்லாம் நல்லதே. நூற்றாண்டு நிதியில் விடுதிப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கென்று ஒரு பங்கை ஒதுக்குவோம். கொடுத்தவரின் பெயரை எந்தப் பிள்ளைக்கும் சூட்ட வேண்டாம். எந்தத் தட்டிலும் பொறிக்க வேண்டாம். யாருடைய பணத்தில் யார் சாப்பிடுகிறார் என்பது அந்த மேசையில் தெரியாமல் இருக்கட்டும்.

நமது சங்கமும் ஒரு 'போட்'தான். இங்கே கூடி முடிவெடுக்கும் உரிமை நமக்கு இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் ஓர் இடம் கூட வேண்டும் என்று இந்தக் கூட்ட மேசையில் நாம் முடிவெடுத்தால், அந்தப் பழைய சொல்லின் இரண்டு பொருளும் நமது கல்லூரியில் ஒன்றாகச் சேரும். ஒரு முழமாவது பலகை நீளட்டும்.